மாட்டுமொழியில் நடந்த பெண் கேட்பு

அன்று அந்த முற்றத்தில் யார் யார் இருந்தார்கள் என்பதை முதலில் சொல்லிவிடுவது நல்லது. பிற்பாடு கும்போ சந்தையில் பாதிப் பேர் தாங்களும் அங்கே இருந்ததாகச் சொல்லிக்கொண்டு திரிந்தார்கள்.

பெண் வீட்டில், குடும்பத் தலைவர் ஃபாய் லுகோங்; ஃபாய் என்பது பட்டம். அரசரே தம் கையால் தொப்பியில் சிவப்பு இறகு செருகிவிட்ட மனிதர். அவர் மனைவி யெஃபோன். மகள் கின்யுய், பமெண்டா ஆஸ்பத்திரியில் நர்ஸ். அன்று வந்த கள் அவளைக் கேட்டு வந்த கள். ஃபாயின் தம்பி மகன் விர்பா, மாட்டு வியாபாரி. மாப்பிள்ளை வீட்டில், கோம் நாட்டிலிருந்து வந்த தாய்மாமன் போபே குச்சா. பெரிய மனிதர்களை அங்கே போபே போட்டுத்தான் அழைப்பார்கள். அவருடைய தங்கை, மாப்பிள்ளையின் தாய், நவாயின் நையா. மாப்பிள்ளை பாங்சி, பள்ளிக்கூட வாத்தியார். இரண்டு பக்கத்திலும் சேராமல் நடுவில் ஒருவர், ஃபுலானி இடையர் மல்லம் ஜிபோ. ஓர் ஆடும் இருந்தது. இவர்களைத் தவிர யாரும் இல்லை.

ஃபாய் லுகோங்கின் மதிலுக்குள் என்சோ சனத்தின் மொழியான லாம்சோ தவிர வேறு மொழி ஒலித்ததில்லை. இது என்சோ நாடு முழுவதும் அறிந்த விஷயம். அரசாங்கத்துக்கு இரண்டு மொழிகள் உண்டு, இரண்டும் கப்பலில் வந்தவை. அவற்றுக்குத் தபாலாபீசிலும் போலீஸ் ஸ்டேஷனிலும் பிழைப்பு நடக்கிறது, நடக்கட்டும் என்று அவர் விட்டுவிட்டார். மலைக்கு இந்தப் பக்கம் ஒரு மொழி, அந்தப் பக்கம் ஒரு மொழி, நடுப் பள்ளத்தாக்கில் இன்னொன்று. ஒரு பகல் நடந்தால் மூன்று விதமாக வணக்கம் சொல்ல வேண்டியிருக்கும். அதையும் அவர் குறை சொன்னதில்லை. ஒவ்வொரு சனத்துக்கும் ஒரு மொழி, ஓர் அரசர், ஒரு முகமூடி ஆட்டம் என்று கடவுள் அளந்து கொடுத்திருக்கிறார். அளவில் தப்பு நடந்திருக்காது.

அவருக்கு ஆகாதது பிட்ஜின் ஒன்றுதான். வெள்ளைக்காரன் பேச்சை உடைத்து, உடைந்ததைக் கொண்டு நம் ஆட்கள் கட்டிய சந்தைமொழி. டாக்சிக்காரர் அதில்தான் கூவுவார், கசாப்புக்காரர் அதில்தான் பொய் சொல்வார், பட்டணத்துப் பிள்ளைகள் அதில்தான் காதலிப்பார்கள்.

"அது மொழியா? மூட்டை! போறவன் வர்றவன் எல்லாம் கைவிட்டு அள்ளினது போக மிச்சம்," என்பார் ஃபாய்.

ஓடைக்கரையில் துணி துவைக்கும்போது அவர் வீட்டுப் பெண்களே அதில்தான் வம்பு பேசினார்கள். ஓடை அவருடைய காதுக்கு எட்டாத தூரம் என்பது குடும்பத்தில் எல்லோருக்கும் தெரியும். அந்தத் தூரம் குறையாதபடி ஃபாயும் ஓடைப் பக்கம் போகாமல் பார்த்துக்கொண்டார். ஒரு வருடம் அரண்மனை முற்றத்தில், ஊர்ப் பெரியவர்கள் எல்லோரும் கேட்க, அவர் சொல்லியும்விட்டார்: "என் வாயிலிருந்து சந்தைமொழி வந்ததாக எவனாவது கேட்டால், இந்த இறகைப் பிடுங்கிக்கொள்ளலாம்."

இதனால் கின்யுய்க்கு வந்த இரண்டு வரன்கள் திரும்பிப் போயிருந்தன. பாலி ஊர்ப் பையன் ஒருவன் வாசலில் பிட்ஜினில் வணக்கம் சொன்னான். அவன் கொண்டுவந்த கள் குடுக்கை இறக்கப்படவே இல்லை. கடற்கரைப் பக்கத்துப் பையன் ஒருவன் வணக்கத்தைச் சரியாகச் சொல்லிவிட்டு, நாய் குரைத்தபோது அதை பிட்ஜினில் அதட்டினான். அவனும் போனான். பாங்சி மூன்றாவது. திங்கட்கிழமை அவன் வடக்கே மருவாவில் வேலையில் சேர வேண்டும். நாட்டின் மறு கோடி. இந்தக் கள் இன்று குடிக்கப்படாவிட்டால் அடுத்து எப்போது என்று யாராலும் சொல்ல முடியாது. கின்யுய் அழவில்லை, கெஞ்சவில்லை. "இதுவும் போச்சுன்னா இனிமே யாரையும் இந்த வாசலுக்குக் கூட்டிட்டு வர மாட்டேன்," என்று தாயிடம் மட்டும் சொன்னாள். யெஃபோன் அதை அப்படியே கணவரிடம் சொன்னாள்.

அன்று மாலை சோளக்களியை ஃபாய் முழுவதும் சாப்பிடவில்லை.

கோம் பக்கமும் லேசுப்பட்டதில்லை. "பொண்ணு கேக்க வர்றவன் தாய்மொழியிலதான் கேப்பான். இரவல் வாயோட வர மாட்டேன்," என்று போபே குச்சா முன்கூட்டியே சொல்லி அனுப்பிவிட்டார். ஃபாய்க்கு அந்தச் செய்தி மிகவும் பிடித்திருந்தது. ஆனால் என்சோவில் கோம் தெரியாது, கோமில் லாம்சோ தெரியாது.

"ஓக்குக்காரங்க நடுவுல இருக்காங்களே ஃபாய். ரெண்டும் பேசுவாங்க," என்றான் விர்பா, கைகளைக் குவித்து வாய்க்கு முன்னால் வைத்து, மரியாதையாக.

"ஓக்குக்காரன் வேண்டாம்."

தேன்கூடு விஷயமாக ஓர் ஓக்குக்காரரோடு ஃபாய்க்குப் பேச்சு நின்றுபோயிருந்தது. அதனால் ஓக்கு நாடே தள்ளி வைக்கப்பட்டிருந்தது.

"அப்ப இப்படிச் செய்யலாம். நீங்க சொல்றத நான் ஃபுலானில சொல்றேன். மல்லம் ஜிபோ அதக் கோம்ல சொல்லட்டும். அவரு மாடு பாதி வருஷம் கோம் மலையிலதான் மேயுது."

"உனக்கு ஃபுலானி நல்லா வருமா?"

"பெரியப்பா, நான் சாப்பிடுறதே அந்த மொழியிலதான்!"

இது உண்மை. விர்பா வாரம் தவறாமல் மாட்டுச் சந்தையில் ஃபுலானியில் பேரம் பேசுகிறவன். அந்த மொழியில் நாலு கால் உள்ள எதைப் பற்றியும் அவனால் நாள் முழுக்கப் பேச முடியும். இரண்டு கால் உள்ளவர்களைப் பற்றி அவன் அதில் பேச நேர்ந்ததே இல்லை என்பது அன்று யாருக்கும் தோன்றவில்லை.

விருந்தாளிகள் மதியத்துக்கு மேல் வந்தார்கள். ராஃபியாப் பனையிலிருந்து இறக்கிய கள் நிறைந்த குடுக்கைகள், பனை எண்ணெய், உப்பு, மென்று சுவைக்கும் கோலாக் கொட்டைகள், ஆடு. மாப்பிள்ளையின் தந்தை வரவில்லை, தாய்மாமன்தான் முன்னால் நடந்து வந்தார். பாவம், தகப்பன் இல்லாத பையன் போலிருக்கிறது என்று ஃபாய் மனதுக்குள் இரங்கினார். கேட்பது நாகரிகமில்லை என்று விட்டுவிட்டார்.

போபே குச்சா நெட்டையான மனிதர், முதுகு வளையாதவர். உட்கார்ந்ததும் கோம் மொழியில் நிதானமாகப் பேசினார். அவர் சொன்னது என்னவென்று மல்லம் பிற்பாடு விளக்கித்தான் தெரிந்தது. 'மலைக்கு அப்பாலிருந்தே ஓர் ஊற்றின் சத்தம் கேட்டது. அந்தச் சத்தத்தைப் பிடித்துக்கொண்டு தாகத்தோடு வந்திருக்கிறோம்.' பெண் கேட்பதற்கு அவர்கள் ஊரில் அப்படித்தான் தொடங்குவார்கள். மல்லம் அதை அழகாகவே ஃபுலானியில் சொன்னார். விர்பா கவனமாகக் கேட்டுவிட்டு ஃபாய் பக்கம் திரும்பினான்.

"தண்ணி காட்டணுமாம், ஃபாய். மலை ஏறி வந்தது தாகமா இருக்காம்."

யெஃபோன் ஒரு பானைத் தண்ணீரைக் கொண்டுவந்து அவர்கள் முன்னால் வைத்தாள். போபே குச்சா பானையைப் பார்த்தார். தங்கையைப் பார்த்தார். பிறகு மரியாதைக்காகக் கொஞ்சம் குடித்தார்.

இப்போது ஃபாயின் முறை. அவர் தொண்டையைச் செருமிக்கொண்டு லாம்சோவில் பேசினார். அந்த லாம்சோவை இன்று பேச ஆளில்லை. "என் மகள் பொறுமை உள்ளவள். உழைப்புக்கு அஞ்சாதவள். குடும்பத்தின் சொல்லை மீறாதவள். இவள் பிறந்த குடியில் இன்றுவரை ஒரு கறை கிடையாது."

விர்பா கொஞ்ச நேரம் யோசித்தான். தன்னிடம் இருந்த சொற்களை எல்லாம் திரட்டினான். பிறகு ஃபுலானியில் சொன்னான்: "சாது. உழவுக்கு நல்லது. கயிறு அறுக்காது. உயர்ந்த சாதிக் கன்னு, ஒடம்புல ஒரு புள்ளி கெடையாது."

மல்லம் ஜிபோ தாடியைத் தடவிக்கொண்டு அவனை உற்றுப் பார்த்தார். "தம்பி, நாம பொண்ணப் பத்தித்தானே பேசிட்டிருக்கோம்?"

"ஆமா மல்லம். என்கிட்ட இருக்கிறத வெச்சுத்தானே சொல்ல முடியும்?"

மல்லம் நேர்மையான மனிதர். அவருடைய சனத்தில் ஒரு பெண்ணை இதைவிட உயர்வாகப் புகழ முடியாது. ஆகவே கூட்டாமல் குறைக்காமல் கோம் மொழியில் எடுத்துச் சொன்னார்.

நவாயின் நையா மகனின் விலாவில் இடித்தாள். "டேய், மாட்டச் சொல்றாங்களா, பொண்ணச் சொல்றாங்களா?"

"பொண்ணத்தாம்மா," என்றான் பாங்சி, தரையைப் பார்த்தபடி.

"கயிறுங்கறாங்களே!"

"சும்மா இரும்மா. மாமா பாக்கிறாரு."

அவனும் கின்யுயும் நினைத்திருந்தால் இந்தக் கஷ்டம் எதுவும் இருந்திருக்காது. இருவரும் ஆஸ்பத்திரித் திண்டாட்டத்திலிருந்து சினிமா வரைக்கும் பிட்ஜினிலேயே பேசிப் பழகியவர்கள். ஆனால் தங்கள் கள்ளின் முன்னால் மணமக்கள் வாய் திறக்கக் கூடாது. திறந்தாலும் அந்த மொழியில் திறக்க முடியாது.

போபே குச்சா பெரிய மனதோடு, "வளர்த்தவர்களுக்கு நன்றி," என்றார். அது ஃபாயிடம் வந்து சேர்ந்தபோது, "தீவனம் நல்லாப் போட்டிருக்கீங்கன்னு சொல்றாரு," என்று ஆகியிருந்தது. ஃபாயின் புருவம் ஏறியது. கோம் நாட்டில் இப்படித்தான் பேசுவார்கள் போலிருக்கிறது, மொழிக்கு மொழி ஓர் அழகு என்று தன்னைச் சமாதானப்படுத்திக்கொண்டார்.

பிறகு அவர் முக்கியமான விஷயத்துக்கு வந்தார். அதற்காகத்தான் அவர் பல நாள் தூங்காமல் இருந்தார்.

"இவர்களுக்குப் பிறக்கும் பிள்ளைகள் எந்த மொழியில் வளரும்? லாம்சோ அறியாத பேரப்பிள்ளையை நான் மடியில் வைத்துக்கொள்ள மாட்டேன். வாக்குக் கொடுங்கள்."

விர்பா நெற்றியைத் துடைத்துக்கொண்டான். "கன்னுக்குட்டி எந்தத் தொழுவத்துல கத்தும்னு கேக்குறாரு," என்றான் ஃபுலானியில்.

மல்லம் புரிந்துகொண்டார். பிள்ளைகள் யாரைச் சேர்ந்தவை என்று கோமில் கேட்டார்.

போபே குச்சாவின் முகம் மலர்ந்தது. கோம் நாட்டில் இதில் கேள்வியே கிடையாது. பிள்ளை தாய் வீட்டைச் சேர்ந்தது. சொத்து மாமனிடமிருந்து மருமகனுக்குப் போகும், தகப்பனுக்கு அதில் வேலை இல்லை. அவர் இரு கைகளையும் விரித்து, முழு மரியாதையோடு, "பிள்ளைகள் உங்களுடையவர்கள். அவர்களைக் கேட்க நாங்கள் யார்?" என்றார்.

இந்தத் தடவை மல்லமும் சரியாகச் சொன்னார், விர்பாவும் சரியாகவே சொன்னான். "கன்னுக்குட்டி பசு வீட்டுக்குத்தானாம், ஃபாய். அவங்களுக்கு வேண்டாமாம்."

சொல்லி முடித்த கையோடு மல்லம் வானத்தைப் பார்த்தார். தொழுகை நேரம். தன் கெண்டியை எடுத்துக்கொண்டு ஓடைப் பக்கம் நடந்தார்.

என்சோ நாட்டில் பிள்ளை தகப்பன் குடியைச் சேர்ந்தது. பிள்ளைகள் எங்களுக்கு வேண்டாம் என்று ஒருவன் சொன்னால், அவன் பெண் கேட்டு வந்தவனல்ல, வழியில் இளைப்பாற வந்தவன். அந்த மதிலுக்குள் அதைவிடக் கேவலமான பேச்சு அதுவரை பேசப்பட்டதில்லை. அதையும் போபே குச்சா சிரித்த முகத்தோடு, கையை விரித்துப் பேசியிருக்கிறார்.

ஃபாய் எழுந்தார்.

"ஃபாய், ஃபாய்," என்று விர்பா பதறினான். "மல்லம் வர்ற வரைக்கும் கோபத்த வெச்சிருங்க. இப்ப நான் எதச் சொன்னாலும் வாங்கிக்க அந்தப் பக்கம் ஆளில்ல!"

"ஒதுங்கு!"

ஃபாய் லாம்சோவிலேயே தொடங்கினார். உயர்ந்த குரலில், வலது கையை நீட்டி, தம் முன்னோர்களின் பெயர்களை ஒவ்வொன்றாகச் சொல்லி அழைத்து, இந்த அவமானத்தைப் பாருங்கள் என்றார். என் வாசலில் வந்து என் இரத்தத்தை வேண்டாம் என்றவன் வீட்டுக் கூரை ஒழுகட்டும், அவன் சோளம் பூக்காமல் போகட்டும் என்றார். பிரமாதமான வசை. அப்படி ஒன்றை அந்த வட்டாரத்தில் பல காலமாக யாரும் கேட்டதில்லை.

கோம் வீட்டார் தலை குனிந்து, கைகளை மெல்லத் தட்டி, அதை ஆசீர்வாதமாக ஏற்றுக்கொண்டார்கள். போபே குச்சா ஒரு நன்றியும் சொன்னார்.

கோபப்பட்ட மனிதனுக்கு நன்றி சொல்வதைப் போன்ற கொடுமை வேறில்லை. ஃபாய் மேசையிலிருந்த கொம்புக் கிண்ணத்தை எடுத்துத் தலைகீழாகக் கவிழ்த்து வைத்தார். இதற்கு மல்லமும் வேண்டாம், விர்பாவும் வேண்டாம். எல்லா மலைகளிலும் இதற்கு ஒரே அர்த்தம்தான். உங்கள் கள் வேண்டாம்.

போபே குச்சாவின் கை தட்டுவது நின்றது. எழுந்தார். தொப்பியைச் சரி செய்துகொண்டு, ஆட்டை அவிழ்க்கும்படி மருமகனுக்குக் கண்ணைக் காட்டினார். பாங்சி கயிற்றைத் தொட்டுவிட்டு, அவிழ்க்காமல் நின்றான்.

"அவுருடா."

"மாமா..."

"அவுருன்னேன்ல!"

அப்போது உள்ளேயிருந்து கின்யுய் வந்தாள். கூப்பிடுவதற்கு முன் மணப்பெண் முற்றத்துக்கு வரக் கூடாது. அவள் வந்து, கவிழ்ந்த கொம்பைக் கையில் எடுத்துக்கொண்டு, தந்தையின் முன்னால் நின்றாள்.

"அப்பா, அவர் ஏன் அப்படிச் சொன்னாருன்னு கேளுங்க."

"கேட்க ஒன்றுமில்லை."

"நான் கேக்கக் கூடாது. பாங்சி கேக்கக் கூடாது. மல்லம் வர்றதுக்குள்ள அவங்க மலை ஏறிடுவாங்க. நீங்கதான் கேக்கணும். எதுல கேட்டா அவருக்குப் புரியும்னு உங்களுக்குத் தெரியும்."

"எனக்கு லாம்சோ தவிர ஒன்றும் தெரியாது."

"அப்பா!" அவள் குரலைத் தாழ்த்தவில்லை. "போன மழைக்காலம் காய்ச்சல்ல கெடந்தீங்களே, பக்கத்துல யாரு உக்காந்திருந்தா? விடிய விடிய வாழைக்குலை எண்ணுனீங்க. மேஸ்திரியத் திட்டுனீங்க. அது லாம்சோவா?"

விர்பா ஆட்டைப் பார்த்தான். யெஃபோன் வாயைப் பொத்திக்கொண்டாள்.

வாலிப வயதில் ஃபாய் கடற்கரைப் பக்கம் போய்த் தீக்கோ வாழைத்தோட்டங்களில் வேலை செய்தவர். அது இரகசியமல்ல, அந்தக் காலத்து இளவட்டங்கள் எல்லோரும் போனார்கள். ஆயிரம் ஊர்க்காரர்கள், ஊருக்கு ஒரு மொழி, எல்லோர் தலையிலும் குலை. அங்கே பிட்ஜின் தெரியாதவன் தண்ணீர்கூடக் கேட்க முடியாது. திரும்பி வந்தபோது அவர் அந்த மொழியைத் தோட்டத்து வாசலிலேயே விட்டுவிட்டதாகத்தான் எல்லோரும் நம்பினார்கள். அவரும் நம்பியிருந்தார்.

அவர் கை தொப்பிக்குப் போனது. இறகு இருந்த இடத்தில் இருந்தது. வாசல் பக்கம் பார்த்தார். போபே குச்சா படியில் கால் வைத்துவிட்டார், ஆடு பின்னால் போய்க்கொண்டிருந்தது. மகளைப் பார்த்தார். அவள் கொம்பை இரு கைகளாலும் பிடித்துக்கொண்டு நின்றாள்.

"விர்பா, வாசக்கதவச் சாத்து," என்றார்.

கதவு சாத்தப்பட்டது. போபே குச்சா திரும்பிப் பார்ப்பதற்குள், ஃபாய் லுகோங்கின் மதிலுக்குள், ஃபாய் லுகோங்கின் வாயிலிருந்து, அது வந்தது.

"யோவ்! நில்லுய்யா அங்கயே! புள்ள வேண்டாம்னு சொல்லிப்புட்டு ஆட்ட வேற ஓட்டிட்டுப் போறியா? என் பொண்ணு என்ன ரோட்டுல கெடந்தாளா?"

போபே குச்சா நின்றார். கண்ணை மூடி, முன்னோர்களிடம் மன்னிப்புக் கேட்பவர்போல் ஒரு மூச்சு விட்டார். பிறகு திரும்பினார்.

"யாருய்யா வேண்டாம்னது? வாயப் பாத்துப் பேசு! புள்ள உன் வீட்டுதுன்னு மரியாதையாத் தூக்கிக் குடுத்தா, கொம்பக் கவுத்து மூஞ்சில அடிக்கிற?"

"எனக்கு எதுக்குய்யா குடுக்கிற? புள்ள அப்பன் வீட்டுது!"

"அப்பன் வீட்டுதா? எந்த ஊர்ல? புள்ள ஆத்தா வீட்டுது! இல்லாட்டி நான் எதுக்கு இங்க வந்து பச்சத் தண்ணியக் குடிச்சிட்டு உக்காந்திருக்கேன்? இவன் அப்பனல்லவா வந்திருக்கணும்?"

"இவன் அப்பன் உசுரோடவா இருக்காரு?"

"நல்லா இருக்காரு. போன வாரம் ஒரு பல்லுப் புடுங்கினாரு. வீட்ல மூக்குப்பொடி போட்டுக்கிட்டு உக்காந்திருக்காரு. அவருக்கு இதுல என்ன வேல?"

மதியத்திலிருந்து தாம் இரங்கியதெல்லாம் வீண் என்ற எரிச்சலும் ஃபாய்க்குச் சேர்ந்துகொண்டது. "அப்ப தீவனம், கன்னுக்குட்டின்னு என்னென்னவோ சொல்லி அனுப்புனியே, அது என்ன?"

"நானா சொன்னேன்? பொண்ணு ஒடம்புல புள்ளி இல்லன்னு நீதான்யா சொல்லி அனுப்புன!"

இருவரும் விர்பாவைப் பார்த்தார்கள். விர்பா கதவுத் தாழ்ப்பாள் சரியாக இருக்கிறதா என்று சோதித்துக்கொண்டிருந்தான்.

போபே குச்சா ஓரடி முன்னால் வந்து, தலையைச் சாய்த்து ஃபாயைப் பார்த்தார். "உன் பேச்சு தீக்கோ தோட்டத்துப் பேச்சாச்சே. எந்தக் கேம்ப்புய்யா நீ?"

"ஆத்தோரக் கேம்ப்பு."

"ஒகோரோ மேஸ்திரி?"

"அந்தப் பாவி! விசில் ஊதிக்கிட்டே எச்சி தெறிக்க..."

"'எந்திரிங்கடா மலைக் கழுதைகளா'ம்பானே!"

"'வாழை உங்கப்பன் வீட்டுதா'ம்பான்!"

இரண்டு பெரியவர்களும் ஒரே நேரத்தில், ஒரே மூக்குக் குரலில், ஒகோரோ மேஸ்திரியைப்போலக் கத்தினார்கள். பிறகு சிரித்தார்கள். தொப்பியைப் பிடித்துக்கொண்டு சிரித்தார்கள்.

யெஃபோன் நவாயின் நையாவிடம், ஓடைக்கரைப் பேச்சில், "இத்தன வருஷத்துல எனக்கு ஒரு பல்லுக்கூடக் காட்டாத மனுஷன் இவரு," என்றாள்.

"எங்க அண்ணனும் அப்படித்தான் அக்கா. பல்லு இருக்குதுன்னே இன்னிக்குத்தான் பாக்குறேன்," என்றாள் அவள், அதே பேச்சில்.

பெரியவர்கள் இருவரும் உட்கார்ந்தார்கள். விஷயம் என்னவோ முடிந்தபாடில்லை. என்சோ வழக்கப்படி பிள்ளை கோமுக்குச் சேர வேண்டும். கோம் வழக்கப்படி அது என்சோவுக்குச் சேர வேண்டும். இரண்டு நாடுகளிலும் வழக்கம் தெரிந்த மனிதர்கள் என்று பெயரெடுத்த இருவர், இன்னும் பிறக்காத ஒரு பிள்ளையை ஒருவர் பக்கம் ஒருவர் மரியாதையோடு தள்ளிக்கொண்டிருந்தார்கள்.

"நீங்க எடுத்துக்குங்க."

"சேச்சே, அது முறையில்ல. நீங்கதான் எடுத்துக்கணும்."

"என்கிட்டயே இருக்கட்டும்," என்றாள் கின்யுய். அதை அவர்கள் பதிலாக எடுத்துக்கொள்ளவில்லை.

கடைசியில், பிள்ளை யாருக்கு என்பதை ஒதுக்கி வைத்துவிட்டு, மொழி மட்டும் ஒருவழியாக முடிவானது. தாய் லாம்சோவில் தாலாட்டுவாள். சோள அறுவடைக்குக் கோம் போகும்போது பிள்ளை பாங்சியின் மாமன் வீட்டில் கோம் பேசும்.

"மருவாவுல என்ன பேசுவாங்க?" என்று ஃபாய் கேட்டார்.

வாய் திறக்கக் கூடாத மாப்பிள்ளை வாய் திறந்தான். "தெருவுல ஃபுலானி. பள்ளிக்கூடத்துல பிரெஞ்சு."

பெரியவர்கள் இருவரும் விரல் விட்டு எண்ணினார்கள்.

"பேசட்டும்," என்றார் ஃபாய். "நாலும் பேசட்டும். ஆனா ஒண்ணு. இந்த பிட்ஜின் மட்டும் கூடாது."

"கூடவே கூடாது," என்றார் போபே குச்சா. "அது புள்ளைங்க நாக்கக் கெடுத்துப்புடும்."

இரண்டு பேரும் இதை பிட்ஜினில்தான் சொன்னார்கள்.

கொம்பு நிமிர்ந்தது. கின்யுய் அதில் கள்ளை ஊற்றி, ஒரு வாய் தான் குடித்துவிட்டு, மண்டியிட்டுத் தந்தையிடம் நீட்டினாள். ஃபாய் கடைசிச் சொட்டுவரை குடித்தார். அடுத்த கொம்பு போபே குச்சாவுக்குப் போனது. நவாயின் நையா நாக்கைச் சுழற்றிக் குலவையிட்டாள், யெஃபோனும் சேர்ந்துகொண்டாள்.

சத்தம் அடங்கிய பிறகுதான் ஃபாய்க்குத் தொப்பி ஞாபகம் வந்தது.

"குச்சா," என்றார் தணிந்த குரலில், "என் தலையில இறகு ஒண்ணு இருக்கு."

"உனக்கு இறகுன்னா எனக்குப் பேரு. இந்த மொழியில ஒரு வார்த்த பேசினா சபையில என் நாற்காலிய எடுத்துரலாம்னு சொல்லிட்டு வந்திருக்கேன்."

"அப்ப நாம பேசல."

"பேசவே இல்ல."

"யாரு பேசினது?"

அந்த நேரத்தில் கதவு தட்டப்பட்டது. விர்பா திறந்தான். மல்லம் ஜிபோ முகம் கழுவிய ஈரத்தோடு, கையில் கெண்டியோடு உள்ளே வந்தார். ஆடு பழைய இடத்தில் கட்டியிருந்தது. கொம்பு நிமிர்ந்திருந்தது. பெண்களின் கண்களில் சிரித்த ஈரம். அவர் ஒவ்வொரு முகமாகப் பார்த்துவிட்டு விர்பாவிடம் ஃபுலானியில் கேட்டார்.

"முடிஞ்சிருச்சா? எப்படி?"

"நீங்க சொன்னதுலதான் மல்லம்."

"நான் என்ன சொன்னேன்?"

"அதான், போறதுக்கு முன்னாடி கடைசியாச் சொன்னீங்களே. அதக் கேட்டு ரெண்டு பேரும் மனசு எளகிட்டாங்க."

மல்லம் தாடியைத் தடவினார். என்ன சொன்னோம் என்று நினைத்துப் பார்த்தார். "கன்னு பசுவோட போகும்னுதானே சொன்னேன்?"

"எவ்வளவு ஆழமான வார்த்த!" என்றான் விர்பா.

மல்லத்துக்கு அதற்குப் பிறகு சந்தேகமில்லை. வரிசையில் வந்த கோலாக் கொட்டைகளில் பாதியை அவருக்குக் கொடுத்து அனுப்பினார்கள். அன்றிலிருந்து அவருடைய மதிப்பு ஏறிவிட்டது. மொழி ஒத்துப்போகாத சம்பந்தம் என்றால் வூமிலிருந்தும் ந்கம்பேயிலிருந்தும் ஆள் அனுப்புகிறார்கள். அவரும் போய், சரியான நேரத்தில் கெண்டியை எடுத்துக்கொண்டு எழுந்துவிடுகிறார். எல்லா இடத்திலும் காரியம் கூடிவிடுகிறது.

கின்யுய் மருவா போய்ச் சேர்ந்தாள். ஃபாய் லுகோங்கின் தொப்பியில் இறகு இருக்கிறது. மதிலுக்குள் இன்றும் லாம்சோதான்.

இவ்வளவுக்குப் பிறகும் கோம் பக்கத்திலிருந்து ஒரு பேச்சு கிளம்பி, கும்போ சந்தையில் உலவுகிறது. அன்று பெரியவர்கள் இருவரும் பிட்ஜினில் பேசினார்களாம், அதில் ஃபாய் லுகோங் வார்த்தைக்கு வார்த்தை திக்கினாராம், போபே குச்சாதான் எடுத்துக் கொடுத்தாராம். அது பொய். ஃபாய் ஓரிடத்திலும் திக்கவில்லை. எடுத்துக் கொடுத்தவர் ஃபாய், அதுவும் இரண்டு இடத்தில்.